மல்டிகாஸ்ட் வழிப்படுத்தல்: ரவுட்டரிலும் சுவிட்சிலும் அதன் அமைப்பு

ஒரே காணொலி ஓடையை ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் பார்க்க வேண்டியிருக்கும் வலையமைப்பில், ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பும் யூனிகாஸ்ட் முறையைக் கைக்கொண்டால், விநாடிக்கு 4 மெகாபிட் அளவுள்ள அந்த ஓடைக்குச் சர்வரின் வாசலிலேயே 4 கிகாபிட் தேவைப்படும். எல்லாருக்கும் பரப்பும் பிராட்காஸ்ட் முறையோ, வேண்டாத கணினிகளையும் தொந்தரவு செய்வதோடு, ரவுட்டரைத் தாண்டி அடுத்த வலையமைப்புக்குள் செல்வதும் இல்லை. கேட்டவருக்கு மட்டும், பாதை பிரியும் இடத்தில் மட்டும் பிரதியெடுத்து அனுப்பும் முறையே மல்டிகாஸ்ட். இதை ரவுட்டரில் அமைக்கத் தேவையான கட்டளைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். ஆயினும் அனுபவமுள்ள பொறியாளர்களும் தயங்கித் தொடும் பகுதியாக இது முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. கட்டளைகளின் எண்ணிக்கை இதற்குக் காரணமன்று. ஒரு குழுவுக்கு யார் அனுப்புகிறார் என்பதைப் பெறுநர் அறிந்திருக்க வேண்டியதில்லை, வலையமைப்பே கண்டுபிடித்துத் தரும் என்று தொடக்கத்தில் ஏற்றுக்கொண்ட பொறுப்பே இந்தத் துறையின் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் என்பதும், அந்தப் பொறுப்பு இறக்கிவைக்கப்பட்ட இடங்களில் அமைப்பு வியக்கத்தக்க அளவு எளிதாகிவிட்டது என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்துகள்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஸ்டீவ் டீரிங், தம் வழிகாட்டியான டேவிட் செரிட்டனோடு சேர்ந்து 1985 முதல் எழுதிய ஆவணங்களில் உருவான இந்தத் திட்டம், 1989இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1112 வழியாக இணையத் தரமாயிற்று. அதில் வரையப்பட்ட மாதிரி மிகத் தாராளமானது: குழு என்பது ஒரு முகவரி மட்டுமே, அதில் யாரும் எப்போதும் சேரலாம், விலகலாம், குழுவில் சேராதவரும் அதற்கு அனுப்பலாம், உறுப்பினர் பட்டியல் எங்கும் கிடையாது. 1992 மார்ச்சில் சான் டியாகோவில் கூடிய ஐ.இ.டி.எஃப். மாநாட்டின் ஒலி, மல்டிகாஸ்ட் அறியாத ரவுட்டர்களைச் சுரங்க இணைப்புகளால் தாண்டிச் சென்று, பல நாட்டு ஆய்வகங்களில் கேட்டது. எம்போன் என்று பெயர் பெற்ற அந்தச் சோதனை வலையமைப்பில் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களே இருந்தமையால், அந்தத் தாராளம் அப்போது யாரையும் உறுத்தவில்லை.

குழு முகவரிகளுக்கென ஐபி பதிப்பு 4இல் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையுள்ள பரப்பு ஒதுக்கப்பட்டுள்ளது. இதில் 224.0.0.0 முதல் 224.0.0.255 வரை உள்ளவை ஒரே இணைப்புக்குள் அடங்குபவை. யூனிகாஸ்ட் வழிப்படுத்தல் நெறியான ஓஎஸ்பிஎஃப் பயன்படுத்தும் 224.0.0.5, மல்டிகாஸ்ட் வழிப்படுத்தல் நெறியான பிம் இயங்கும் ரவுட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் 224.0.0.13 ஆகியவை இங்கேதான் உள்ளன, இவற்றை எந்த ரவுட்டரும் அடுத்த பக்கம் கடத்தாது. 232 என்று தொடங்குபவை பின்னர் விளக்கப்படும் எஸ்எஸ்எம் முறைக்கும், 239 என்று தொடங்குபவை நிறுவனத்துக்குள் மட்டும் புழங்குவதற்கும் உரியவை. ஒரு நிறுவனம் தன் உள் பயன்பாட்டுக்கு முகவரி தேர்ந்தெடுக்கையில் 239இல் எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அவ்வாறு எடுப்பதில் ஒரு மறைந்த பள்ளம் உண்டு. குழு முகவரியில் மாறும் பகுதி 28 பிட். அதை ஈதர்நெட் முகவரியாக மாற்றும்போது இடம் இருப்பதோ 23 பிட்டுக்கு மட்டும். முழுதும் அடங்குவதற்கு ஈதர்நெட் முகவரித் தொகுதிகள் 16 தேவைப்பட்டன என்றும், தொகுதி ஒன்றின் விலை ஆயிரம் டாலராக இருந்தமையால் ஒன்றை மட்டும் வாங்கிய ஜான் போஸ்டல் அதிலும் பாதியையே இந்தப் பணிக்குத் தந்தார் என்றும் துறை வழக்கில் சொல்லப்படுகிறது. விளைவு, 32 குழு முகவரிகள் ஒரே ஈதர்நெட் முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன: 224.1.1.1, 225.1.1.1, 239.129.1.1 ஆகிய மூன்றும் சுவிட்சின் கண்ணுக்கு ஒன்றே. இதே கணக்கில் 239.0.0.5 என்பதும் 239.128.0.5 என்பதும் ஓஎஸ்பிஎஃபின் முகவரியோடு மோதும். அந்தக் கட்டுப்பாட்டுப் பரப்பின் சட்டகங்களைப் பெரும்பாலான சுவிட்சுகள் வடிகட்டாமல் எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பும் என்பதால், இத்தகைய முகவரியில் ஓடும் காணொலி கேட்காதவரிடமும் போய்ச் சேரும். பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த பின் குழு முகவரியை மாற்றுவது சர்வர், பெட்டி, தீச்சுவர் எல்லாவற்றையும் தொட வேண்டிய வேலையாகிவிடுவதால், முகவரித் திட்டத்தை முதல் நாளே எழுதிவைப்பது நல்லது.

பெறுநர் தன் விருப்பத்தை அருகிலுள்ள ரவுட்டருக்குத் தெரிவிக்கும் மொழி ஐஜிஎம்பி. அதன் முதற் பதிப்பு ஆர்.எஃப்.சி. 1112இலேயே உள்ளது, 1997இல் வந்த இரண்டாம் பதிப்பு குழுவிலிருந்து விலகும் செய்தியைச் சேர்த்தது, 2002இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்தக் குழு, இன்ன அனுப்புநரிடமிருந்து மட்டும் என்று கேட்கும் வசதியைத் தந்தது. இந்த மூன்றிலும் ரவுட்டர் குறிப்பிட்ட இடைவெளியில் யாருக்கு எந்தக் குழு வேண்டும் என்று வினவுகிறது, பெறுநர்கள் விடையளிக்கிறார்கள். வினவலுக்கும் விடைக்கும் நடுவில் அமர்ந்திருக்கும் சுவிட்ச், தனக்கு எழுதப்படாத அந்தச் செய்திகளை ஒட்டுக்கேட்டு, எந்தப் போர்ட்டில் எந்தக் குழுவுக்குப் பெறுநர் உண்டு என்று குறித்துக்கொள்ளும். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் எனப்படும் இந்த வேலை நெறிப்படி ரவுட்டரின் எல்லைக்குள் மூக்கை நுழைப்பதே என்றாலும், இது இல்லாவிட்டால் இரண்டாம் அடுக்கில் மல்டிகாஸ்ட் என்பது பிராட்காஸ்டின் மறுபெயராகவே இருக்கும்.

களத்தில் மிக அதிகமாகக் காணப்படும் பழுது இந்த ஒட்டுக்கேட்டலிலிருந்தே பிறக்கிறது. கண்காணிப்புக் கேமராக்களும் அவற்றைப் பார்க்கும் கணினிகளும் ஒரே விலேனில் இருப்பதாகவும், அந்த விலேனில் மல்டிகாஸ்ட் இயக்கப்பட்ட ரவுட்டர் ஏதும் இல்லை என்றும் கொள்ளலாம். கணினி குழுவில் சேரும்போது, யாரும் வினவாமலேயே ஒரு சேர்க்கைச் செய்தியை அனுப்பும். சுவிட்ச் அதைக் கண்டு போர்ட்டைக் குறித்துக்கொள்ளும். படம் உடனே வரும். அதன்பின் வினவ ஆளில்லை. ஆசிரியர் வராத வகுப்பில் வருகைப் பதிவு நடக்காததைப் போல, பெறுநர் இருந்தும் இருப்பதற்குச் சான்று ஏடேறுவதில்லை. வினவல் இடைவெளி 125 விநாடி, அதன் இரு மடங்கோடு விடைக்கான 10 விநாடியும் சேர்ந்து 260 விநாடி என்பது தரத்தின் இயல்புக் கணக்கு. அது கழிந்ததும் சுவிட்ச் தன் குறிப்பை அழிக்கும், படம் உறைந்துவிடும். பார்ப்பவர் செயலியை மூடித் திறந்தால் மீண்டும் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலாகப் படம் ஓடும். குறிப்பு இல்லாத குழுவின் பாக்கெட்டைச் சில நிறுவனங்களின் சுவிட்சுகள் ரவுட்டர் உள்ள போர்ட்டுக்கு மட்டும் அனுப்புவதும், வேறு சிலவை எல்லாப் போர்ட்டுக்கும் பரப்புவதும் உண்டாதலால், ஒரு கட்டடத்தில் தோன்றும் பழுது அடுத்த கட்டடத்தில் தோன்றாமல் போய்க் குழப்பத்தை இன்னும் வளர்க்கும். சுவிட்சையே வினவுநராக இயங்கச் செய்யும் ஸ்னூப்பிங் குவரியர் என்ற ஒற்றைக் கட்டளை இதற்கு முறையான மருந்து. ஸ்னூப்பிங்கை அணைத்துவிடுவது என்று பரவலாகப் பரிந்துரைக்கப்படும் குறுக்குவழி, நோயை மறைத்து வேறு நோயை வரவழைப்பது. இருபது கேமராக்களின் ஓடையும் ஒவ்வொரு போர்ட்டிலும் பாய்ந்தால் 100 மெகாபிட் போர்ட்டில் தொங்கும் பழைய அச்சுப்பொறிதான் முதலில் நின்றுபோகும்.

ஒரே இணைப்பில் இரண்டு ரவுட்டர்கள் இருக்கும்போது, வினவும் பொறுப்பு சிறிய ஐபி முகவரி உடையதற்கும், பிம் நெறியில் குழுவின் சார்பாகப் பேசும் நியமன ரவுட்டர் பொறுப்பு, முன்னுரிமை எண் சமமாயின், பெரிய முகவரி உடையதற்கும் போகும். இரு வேலைகளும் ஒரே பெட்டியில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஒன்றை மட்டும் ஆராய்பவர் பொழுதை வீணாக்குவார்.

ரவுட்டர்களுக்கு இடையே நிகழ்வதுதான் வழிப்படுத்தலின் மையம். யூனிகாஸ்டில் ரவுட்டர் கேட்கும் கேள்வி, இந்தப் பாக்கெட் எங்கே போக வேண்டும் என்பது. மல்டிகாஸ்டில் போகுமிடம் பலவாக இருப்பதால், பாக்கெட் வளையத்தில் சிக்கிப் பெருகாமல் காக்க, இது வர வேண்டிய வழியாகத்தான் வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. அனுப்புநரை நோக்கிச் செல்வதற்குத் தன் யூனிகாஸ்ட் அட்டவணை எந்த இடைமுகத்தைக் காட்டுகிறதோ அதே இடைமுகத்தில் வந்த பாக்கெட்டை மட்டும் ஏற்று, மற்றவற்றைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும் இந்தச் சோதனை ஆர்பிஎஃப் எனப்படும். பிம் என்ற நெறிக்குத் தனக்கென வழி கண்டுபிடிக்கும் திறன் கிடையாது; ஓஎஸ்பிஎஃபோ பிஜிபியோ நிலையான வழியோ எதைச் சொல்கிறதோ அதைத் தலைகீழாகப் படித்து மரத்தை வளர்ப்பதே அதன் வேலை. எனவே யூனிகாஸ்டில் குறையென்றே தோன்றாத ஏற்பாடுகள் இங்கே குறையாகின்றன. தலைமையகத்துக்கும் கிளைக்கும் இடையே இரண்டு இணைப்புகள் இருந்து, அவற்றில் ஒன்றில் மட்டும் பிம் இயக்கப்பட்டு, கிளை ரவுட்டரின் அட்டவணை அனுப்புநரை நோக்கி மற்றொன்றைத் தேர்ந்திருந்தால், பிங் போகும், கோப்பு இறங்கும், மின்னஞ்சல் வரும். காணொலி மட்டும் வராது. அந்நிலையில் கிளை ரவுட்டரின் மல்டிகாஸ்ட் அட்டவணையைத் திறந்தால், அனுப்புநர் பக்கத்து அண்டை ரவுட்டரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 0.0.0.0 என்று இருக்கும். வழி இருக்கிறது, அந்த வழியில் பிம் பேசும் அண்டை இல்லை என்பது அதன் பொருள். ஆர்பிஎஃப் சோதனைக்காக மட்டும் தனி நிலையான வழி எழுதும் வசதி சிஸ்கோ உள்ளிட்ட ரவுட்டர்களில் உண்டு. ஆனால் யூனிகாஸ்ட் வழிகள் நாளை மாறும்போது அது மாறாது என்பதால், எல்லா இடை இணைப்புகளிலும் பிம் இயக்குவதே உறுதியான தீர்வு.

முதல் தலைமுறை நெறிகள் அடர்த்தி முறையைச் சேர்ந்தவை. 1988இல் வெளிவந்த டிவிஎம்ஆர்பியும் பின்னர் பிம் நெறியின் டென்ஸ் வகையும், முதலில் எல்லாத் திசையிலும் பரப்பிவிட்டு, வேண்டாதவர் மறுத்த பின் அந்தக் கிளையை வெட்டும். வெட்டு குறிப்பிட்ட காலத்தில் காலாவதியாகி மீண்டும் பரப்பல் தொடங்கும். பெறுநர் எங்கும் நிறைந்திருக்கும் சிறு வலையமைப்பைத் தவிர வேறெங்கும் இதற்கு இன்று இடமில்லை.

இன்று பரவலாக உள்ள பிம் ஸ்பார்ஸ் முறை 1997இல் முதன்முதலில் ஆவணமாகி, 1998, 2006 ஆண்டுகளில் திருத்தம் பெற்று, 2016இல் ஆர்.எஃப்.சி. 7761 ஆக நிலைபெற்றது. இது கேட்டால்தான் தரும். பெறுநர் குழுவின் பெயரை மட்டும் சொல்ல, அனுப்புநர் யாரென்று அருகிலுள்ள ரவுட்டருக்கும் தெரியாதாகையால், இருவரும் சந்திக்க ஒரு பொது ரவுட்டர் தேவைப்படுகிறது. ராந்தெவூ பாயிண்ட், சுருக்கமாக ஆர்பி என்பது அதுவே. பெறுநர் பக்கத்து ரவுட்டர் ஆர்பியை நோக்கிச் சேர்க்கைச் செய்தியை அனுப்ப, வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரிலும் அனுப்புநர் பெயரில்லாத பதிவு, பொறியாளர் பேச்சில் ஸ்டார் காமா ஜி, உருவாகிறது. அனுப்புநர் பக்கத்து ரவுட்டர் முதல் பாக்கெட்டுகளை ரெஜிஸ்டர் என்ற உறைக்குள் இட்டு யூனிகாஸ்டாக ஆர்பிக்கு அனுப்புகிறது. ஆர்பி அனுப்புநரை நோக்கித் தன் கிளையை நீட்டிக்கொண்டதும் உறையிடுவதை நிறுத்தச் சொல்கிறது. இதன் பின்னும் கதை முடிவதில்லை: முதல் பாக்கெட்டில் அனுப்புநரின் முகவரியைப் பார்த்துவிட்ட கடைசி ரவுட்டர், ஆர்பி வழியான சுற்றுப்பாதையைக் கைவிட்டு அனுப்புநரை நோக்கி நேரான குறும்பாதை மரத்துக்கு மாறுகிறது. சிஸ்கோ ரவுட்டர்களில் இந்த மாற்றம் இயல்பாகவே முதல் பாக்கெட்டோடு நிகழும். ஆக, இவ்வளவு நாடகமும் ஒரே ஒரு செய்தியை, அதாவது அனுப்புநரின் ஐபி முகவரியை, பெறுநர் பக்கத்து ரவுட்டருக்குத் தெரிவிப்பதற்காகவே.

கட்டளைகள் இந்த நாடகத்தின் அளவை மறைத்துவிடுகின்றன. சிஸ்கோ ஐஓஎஸ் ரவுட்டரில் ஐபி மல்டிகாஸ்ட்-ரூட்டிங் என்று பொதுவாக ஒருமுறையும், ஒவ்வொரு இடைமுகத்திலும் ஐபி பிம் ஸ்பார்ஸ்-மோட் என்றும், எல்லா ரவுட்டர்களிலும் ஐபி பிம் ஆர்பி-அட்ரஸ் என்பதோடு ஆர்பியின் முகவரியையும் எழுதினால் அமைப்பு முடிந்தது. இடைமுகத்தில் பிம் இயங்கியதும் ஐஜிஎம்பியும் தானே இயங்கும். ஆர்பியின் முகவரியைக் கையால் எழுதுவதைத் தவிர்க்க இரு வழிகள் தோன்றின. சிஸ்கோவின் ஆட்டோ-ஆர்பி 224.0.1.39, 224.0.1.40 என்ற இரு குழுக்கள் வழியாக ஆர்பியை அறிவிக்கும். ஆனால் ஆர்பி தெரிந்தால்தான் ஸ்பார்ஸ் முறையில் குழு ஓடும் என்பதால், இவ்விரு குழுக்களை மட்டும் டென்ஸ் முறையில் ஓட்ட வேண்டியிருந்தது. அதற்கென வந்த ஸ்பார்ஸ்-டென்ஸ் கலப்பு முறையில், ஆர்பி காணாமற்போனால் எல்லாக் குழுக்களும் டென்ஸ் முறைக்குச் சரிந்து வலையமைப்பெங்கும் பரவத் தொடங்கும். ஒரு பெட்டி பழுதானதன் விளைவு ஓடை நின்றுபோவதாக இல்லாமல் வெள்ளமாக இருப்பது எந்த நிர்வாகிக்கும் உவப்பானதன்று. பிஎஸ்ஆர் என்ற தர வழி அறிவிப்பைப் பிம் செய்தியாகவே ரவுட்டருக்கு ரவுட்டர் கடத்துவதால் இந்த முரணுக்கு ஆளாவதில்லை. ஆயினும் நடுத்தர நிறுவனத்துக்கு, லூப்பேக் முகவரியொன்றைக் கையால் எழுதிவிடுவதே போதுமானது. இரண்டு ரவுட்டர்களுக்கு அதே முகவரியைத் தந்து எனிகாஸ்ட் ஆர்பியாக்கினால், ஒன்று வீழ்ந்தாலும் மற்றது தாங்கும். அப்போது ஓர் ஆர்பி அறிந்த அனுப்புநரை மற்றதற்குச் சொல்ல எம்எஸ்டிபி என்ற நெறியோ, 2006இல் பிம்முக்குள்ளேயே வந்த வழியோ வேண்டும்.

எம்எஸ்டிபி உண்மையில் அதைவிடப் பெரிய ஆசைக்காகப் பிறந்தது. ஒவ்வொரு சேவை நிறுவனமும் தன் ஆர்பியை வைத்துக்கொள்ள, உலகின் எல்லா அனுப்புநர்களின் பெயரும் எல்லா ஆர்பிகளுக்கும் அறிவிக்கப்படும் என்பது திட்டம். 2001 ஜனவரியில் ராமென் என்ற கணினிப் புழு, தாக்குவதற்கு முகவரிகளைத் தேடித் துழாவியபோது மல்டிகாஸ்ட் பரப்பையும் தொட்டது. அதன் ஒவ்வொரு துழாவலும் புதிய குழுவுக்குப் புதிய அனுப்புநர் என்ற அறிவிப்பாக மாறி எம்எஸ்டிபி இணைப்புகளைத் திணறடித்தது. யாரும் எதற்கும் அனுப்பலாம் என்ற 1989இன் தாராளத்துக்கு வந்த விலைச்சீட்டு அது. அதற்கு முன்னரே, 2000இல் ஐஇஇஇ நெட்வொர்க் இதழில் கிறிஸ்தோஃப் தியோவும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, குழு மேலாண்மை, முகவரி ஒதுக்கீடு, பாதுகாப்பு, வணிகக் கணக்கு ஆகியவை இல்லாமையே சேவை நிறுவனங்கள் மல்டிகாஸ்டை ஏற்காததற்குக் காரணம் என்று எடுத்துக்காட்டியிருந்தது. அதே காலத்தில் வளர்ந்த அகமாய் போன்ற உள்ளடக்க விநியோக நிறுவனங்கள், பிரதிகளை நகரங்கள்தோறும் சர்வர்களில் வைத்து யூனிகாஸ்டாகவே தந்து, பொது இணையத்தில் அந்தக் கேள்வியை முடித்துவைத்தன.

மாற்று விடை 1999இலேயே கிடைத்திருந்தது. ஹியூ ஹோல்புரூக்கும் செரிட்டனும் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் முன்வைத்த மாதிரியில், பெறுநர் குழுவை மட்டும் கேட்பதில்லை. அனுப்புநரையும் குழுவையும் இணைத்தே கேட்கிறார். 2006இல் ஆர்.எஃப்.சி. 4607 ஆக வந்த எஸ்எஸ்எம் அதன் வளர்ந்த வடிவம். அனுப்புநரின் முகவரியைப் பெறுநர் நிகழ்ச்சிப் பட்டியலிலிருந்தோ செயலியிலிருந்தோ முன்கூட்டியே அறிந்திருப்பதால், ஆர்பி வேண்டாம், ரெஜிஸ்டர் வேண்டாம், மரம் மாறும் தருணம் கிடையாது, எம்எஸ்டிபி கிடையாது. பெறுநரிடமிருந்து அனுப்புநருக்கு நேரே ஒரு கிளை நீள்கிறது. 232 பரப்பில் எண்ணற்ற அனுப்புநர்கள் ஒரே குழு எண்ணைப் பயன்படுத்தினாலும் வழிப்படுத்தலில் மோதல் இல்லை. ரவுட்டரில் ஆர்பி வரிக்குப் பதிலாக எஸ்எஸ்எம் பரப்பை அறிவிக்கும் ஒரு வரியும், இடைமுகங்களில் ஐஜிஎம்பி மூன்றாம் பதிப்பும் இருந்தால் போதும். மூன்றாம் பதிப்பு பேசத் தெரியாத பழைய பெட்டிகளுக்காகக் குழுவை அனுப்புநரோடு பொருத்தும் அட்டவணையை ரவுட்டரிலேயே எழுதவும் வழியுண்டு. நிறுவனங்களுக்கு இடையே பழைய முறையைக் கைவிட்டு எஸ்எஸ்எம்மையே பயன்படுத்துமாறு ஐ.இ.டி.எஃப். 2020இல் ஆர்.எஃப்.சி. 8815 வழியாகப் பரிந்துரைத்தது. இருபதாண்டு தாமதம் என்று சொல்வது கடுமையாகாது.

பொது இணையம் கைவிட்ட மல்டிகாஸ்ட், ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வலையமைப்புகளில் செழித்திருக்கிறது. தொலைக்காட்சியைக் கம்பிவழி தரும் நிறுவனங்களைத் தவிர, 2017 முதல் வெளிவந்த எஸ்எம்பிடிஇ 2110 தரத்தின்படி இயங்கும் ஒளிபரப்பு நிலையங்களும் இதில் அடங்கும். அங்கே சுருக்கப்படாத ஓர் உயர்துல்லிய ஓடையே விநாடிக்கு 1 கிகாபிட்டைத் தாண்டக்கூடுமாதலால், ஸ்னூப்பிங் ஒருமுறை தவறினாலும் நிலையம் உடனே உணரும். பங்குச் சந்தையின் விலைத் தரவு இன்னும் கூரிய எடுத்துக்காட்டு. தரகர்கள் தம் சர்வர்களைச் சந்தையின் வளாகத்திலேயே வைக்க இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தை தொடங்கிய கோ-லொகேஷன் வசதியில், ஒவ்வொரு வணிக மாற்றத்தையும் தரும் டிக்-பை-டிக் தரவு டிசிபி இணைப்புகள் வழியே தரகருக்குத் தரகர் வரிசையாகச் சென்றது. முதலில் இணைந்தவருக்கு முதலில் கிடைத்தது என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2019 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின் மையக் கருத்துகளில் ஒன்று. அவ்வுத்தரவின் பணம் திருப்பிச் செலுத்தும் பகுதியைப் பங்குகள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 ஜனவரியில் ரத்து செய்துவிட்டது. சட்டத்தின் பக்கம் அவ்வாறிருக்க, தொழில்நுட்பத்தின் பக்கம் சந்தை 2014இலேயே டிக்-பை-டிக் தரவை மல்டிகாஸ்டுக்கு மாற்றத் தொடங்கியிருந்தது: சர்வர் ஒரு பிரதியை மட்டும் அனுப்ப, சுவிட்சின் வன்பொருள் அதைப் போர்ட்டுகளுக்குப் பிரித்துத் தருகையில், இணைந்த வரிசை என்பதற்கே இடமில்லாமல் போகிறது. இதற்கு ஈடாக, தொலைந்த பாக்கெட்டைத் தானே மீண்டும் கேட்டு வாங்கும் டிசிபியின் உறுதி கைவிட்டுப்போவதால், சந்தைகள் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் இட்டு, இடைவெளியை நிரப்பத் தனி மீட்புச் சர்வரை வைக்கின்றன.

அமைப்பு வேலை செய்யாதபோது ஆராய்ச்சியைப் பெறுநரிடமிருந்து தொடங்கி அனுப்புநரை நோக்கிச் செல்வதே, மரம் வளரும் திசையோடு ஒத்த முறை. சுவிட்சில் பெறுநரின் போர்ட் குறிக்கப்பட்டுள்ளதா, வினவுநர் யார், கடைசி ரவுட்டரில் குழுப் பதிவு உண்டா, அதன் உள்வரும் இடைமுகத்தில் பிம் அண்டை உண்டா என்று ஒவ்வொன்றாய்ப் பின்னோக்கிச் செல்லும்போது பழுது எங்கேனும் ஓரிடத்தில் அகப்படும். எல்லாம் சரியாயிருந்தும் படம் வராதபோது, பாக்கெட் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்பதை வரையறுக்கும், அனுப்பும் செயலியின் டிடிஎல் மதிப்பைப் பார்க்க வேண்டும். மல்டிகாஸ்டுக்கு அதன் இயல்பு மதிப்பு 1 என்பதால், முதல் ரவுட்டரிலேயே பாக்கெட் உயிர்விடும், ரவுட்டரின் அமைப்பில் குற்றம் தேடிப் பயனில்லை.

2017இல் ஆர்.எஃப்.சி. 8279 வரையறுத்த பையர் என்ற புதிய கட்டமைப்பு, வெளியேறும் ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் என ஒதுக்கி, பாக்கெட்டின் தலைப்பிலேயே சேருமிடங்களை எழுதிவிடுகிறது. நடுவிலுள்ள ரவுட்டர்களில் குழுவுக்கென எந்தப் பதிவும் தேவையில்லை, மரமும் தேவையில்லை. ஆனால் விளிம்பில், பெறுநருக்கும் முதல் ரவுட்டருக்கும் இடையே, ஐஜிஎம்பியும் ஒட்டுக்கேட்கும் சுவிட்சும் 260 விநாடிக் கணக்கும் அப்படியே இருக்கின்றன.